யானைக் கல்யாணத்தில் ஷெனாய்

பூஞ்சேரியில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடும் முனிசாமி மாமா எதையும் லேசில் நம்பமாட்டார். கரண்ட் போனால்கூட யாரோ வேண்டுமென்றே பிடுங்கிவிட்டதாகத்தான் நினைப்பார். விசேஷ வீடுகளுக்குக் கேசட் எடுத்துப் போகும்போது ஒவ்வொரு பாட்டையும் முதலில் கேட்டுப் பார்ப்பார். 'பிரிவு', 'கண்ணீர்' என்று ஒரு சொல் வந்தால் போதும், கல்யாண வீட்டுப் பக்கம் அந்தக் கேசட் போகாது.

தொண்ணூற்றாறில் அவர் மகள் கண்ணகிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சரவணகுமார், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் பேசி முடித்த பிறகு நின்றுபோயிருந்தன. இதுவும் தட்டிப்போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் எந்தப் பாட்டைப் போடவும் மாமாவுக்குப் பயம்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கும் பிரபாவதி மேடம், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மாமாவிடம்தான் டெக் எடுப்பார். அவர் ஒரு கேசட் கொடுத்தார். வடநாட்டில் யாரோ வரைந்து எடுத்த சின்னச் சின்ன கார்ட்டூன் படங்கள். "பேச்சே கிடையாதுங்க. மியூசிக் மட்டும்தான். அது எல்லாருக்கும் புரியும்" என்றாராம்.

மாமா அதையும் சந்தேகப்பட்டார். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான்; செங்கல்பட்டு அரசுக் கல்லூரி, பி.எஸ்ஸி. பிசிக்ஸ். என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்தார்.

"டேய் சதாசிவம், நீ படிச்சவன். இதுல எவனாவது சாவறானா பாரு."

ஆண் யானைக்கும் பெண் யானைக்கும் கல்யாணம். யாரும் சாகவில்லை. ஆனால் டிவியில் சத்தமே வரவில்லை.

"சத்தம் வை மாமா."

"பேச்சே இல்லாத படத்துக்கு சத்தம் எதுக்குடா? பக்கத்து வூட்டுக்காரன் காத நீட்டிகினு கீறான்."

நிச்சயத்தன்று தட்டு மாற்ற இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைகள் கத்தியதால் படத்தை ஓடவிட்டார், இந்த முறை சத்தத்தோடு. பெண் யானை மாலையோடு நடந்து வந்தது. கூடவே ஷெனாய் இழுத்தது.

பந்தல் அடங்கிப்போனது. நம் பக்கம் அந்த வாத்தியத்துக்கு ஒரே அர்த்தம்தான். பெரிய தலைவர் யாராவது கண்ணை மூடினால் ரேடியோவில் நாள் முழுக்க அழுவது அது. டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா துள்ளி எழுந்தார்.

"யாருப்பா பூட்டாரு? தில்லியா, மெட்ராஸா?"

"மெட்ராஸ்னா பஸ்ஸ நிறுத்திடுவானுங்க. ஏந்திரு, ஏந்திரு!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பெண்கள் செருப்பைத் தேடினார்கள். மாமா ஓடிப்போய் வழியை மறித்தார்.

"யாரும் சாவல! யானைக்குக் கல்யாணம்!"

மாப்பிள்ளையின் அம்மா லோகநாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நிச்சயத்துல சாவு மேளம் போடற வூட்ல பொண்ணு எடுக்கணுமா?"

"அத்தை, வடக்கே இதுதான் கெட்டிமேளம்" என்றேன் நான்.

"நாங்க இன்னா வடக்கயா பொண்ணு எடுக்க வந்துகீறோம்? நீ சும்மா இருடா, பேண்ட்டு போட்டவனே."

உள்ளேயிருந்து கண்ணகி பட்டுப் புடவை சரசரக்க வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டாள்.

"ஒரு தபா பாருங்க அத்தை. அப்பறமா உங்க இஷ்டம்."

சத்தமில்லாமல் பெண் யானை மறுபடி நடந்து வந்தது. மாலை மாப்பிள்ளை யானையின் தந்தத்தில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க அவன் கூடவே வந்தான். ஒரு பொடிசு "டும் டும்" என்றது; உடனே எல்லாப் பிள்ளைகளும் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டினார்கள். லோகநாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அந்த மாப்ள நம்ம சரவணனாட்டமே முழிக்குதே" என்றார். அப்புறம், "சரி, தட்ட எடுங்க."

தட்டு மாறியது. பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாமா என்னைப் பந்தக்கால் ஓரம் இழுத்தார். பார்வை மாப்பிள்ளை மேலேயே இருந்தது.

"இன்னாடா இது, இவ்ளோ சுளுவா ஒத்துகினாங்க? பையன்கிட்ட எதுனா கொற கீதா? நாளைக்கு நீ அந்தக் கம்பெனி கேட்டாண்ட போய் விசாரிச்சுகினு வா."