பேப்பரில் வந்த சோப்புக் குவியல்

பிள்ளைகளா, நேற்று செய்தியில் வந்த ஒரு படத்தைக் காட்டி, "இதுதாம்பா அந்தப் போலி எண்ணெய்" என்றீர்கள். அந்தப் பாட்டில் யார் கடையில் இருந்தது என்று நான் கேட்டதும் சிரித்தீர்கள். ஏன் கேட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. கோவில்பதாகையில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அன்று அப்பா சரக்கெடுக்கப் போயிருந்தார். கடையில் சித்தப்பாவும் நானும்.

தோளில் கேமராப் பையோடு ஒருவர் வந்தார். பத்திரிகைக்காரராம். பக்கத்தில் ஒரு கிடங்கில் போலிச் சோப்பு பிடித்திருக்கிறார்கள். இவர் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி சீல் வைத்துவிட்டார்களாம். செய்தி இருக்கிறது, படம் இல்லை. "அதே கம்பெனி அசல் சோப்பு உங்ககிட்ட இருந்தா எடுத்துப் போடுங்க சார், ஒரு படம் எடுத்துக்கறேன்."

சித்தப்பாவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அலமாரியையே காலி செய்துவிட்டார். நான் சோப்புகளைப் பெயர் தெரியும்படி வரிசையாக அடுக்கினேன்.

"அடுக்காத தம்பி. புடிச்ச சரக்கு இப்டியா இருக்கும்? கொட்டிடு."

கொட்டினேன். பொருள் மட்டும் போதும், தள்ளிக்கோ என்றார். தள்ளிக்கொண்டேன். அவர் ஒரு கண்ணை மூடிய நேரம் பார்த்துத் தலையை நீட்டிச் சிரித்தேன்.

மறுநாள் பேப்பரில் வந்தது. போலிச் சோப்பு சிக்கியது என்று கொட்டை எழுத்து. கீழே எங்கள் சோப்பு. கடையின் சுவரோ பலகையோ அதில் இல்லை. ஓரத்தில் என் முகம் மட்டும், இருக்கிற பல்லெல்லாம் தெரிய.

பத்து மணிக்குள் கடை முன்னால் கூட்டம். பாதி கரைந்த சோப்புகளைச் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் கைக்குழந்தையின் முதுகைத் திறந்து காட்டினார்.

"புள்ள உடம்பெல்லாம் தடிச்சுக் கெடக்கு. இந்தச் சோப்பத்தான போட்டேன்? ஒங்க பையன் மூஞ்சி பேப்பர்ல கெடக்கு, இல்லம்பீயளா?"

"அது வேர்க்குரும்மா" என்றார் அப்பா.

"இன்னா நைனா, ஊட்லயே காய்ச்சிகினு கீறியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள்.

அப்பா சோப்பு வாங்கிய பில்லை நீட்டினார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. திரும்பி வந்த சோப்பில் ஒன்றை எடுத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, அத்தனை பேர் முன்னாலும் முகத்தில் தேய்த்துக்கொண்டார். "பாத்துக்கோங்க. எம் மூஞ்சி வெந்துச்சுன்னா இன்னிக்கே கடைய மூடிடறேன்." நுரை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. கூட்டம் கலைந்தது. சோப்புகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

"படந்தான் கேட்டான் அண்ணாத்தே" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்தபடி.

"அவன் நம்ம கடைன்னு எங்கடா போட்டான்? இவன் மூஞ்சியப் பாத்துதான் கண்டுக்கினாங்க."

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த வாரம் உப்பு வாங்கக்கூட ஆள் வரவில்லை. அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்கு இரண்டு முறை ரயிலேறினார். உள்பக்கத்தில், கடைசியில், இரண்டு வரி போட்டார்கள்: அன்று வந்தது மாதிரிப் படம்தான், பிடிபட்ட சரக்கு அல்ல. அதோடு படம் எதுவும் இல்லை. அப்பா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டினார். சிலர் திரும்பி வந்தார்கள். அந்த அக்கா வரவேயில்லை. படத்தை ஊரே பார்த்ததே, இந்த இரண்டு வரியை மட்டும் ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரு மதியம், அப்பா சாப்பிடப் போன நேரம், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்த, படம் வந்த அந்தப் பழைய பேப்பரை எடுத்து வந்தேன். அப்பா வைத்திருந்த பேப்பரிலிருந்து இரண்டு வரியையும் வெட்டி, சோற்றுப் பருக்கை தடவி, படத்தின் மேல் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தேன். குவியல் பெரிது, துண்டு சின்னது. கடைசியில் என் முகத்தின் மேல் ஒட்டினேன். காய்ந்ததும் பெஞ்சில் எல்லார் கண்ணிலும் படும்படி விரித்து வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.