சனிக்கிழமை முதல் பில்

உதவி கேட்பதைப் போல மானம் போகிற வேலை வேறு இல்லை. அதிலும் கேட்கிறவள் திருச்சியில் உட்கார்ந்து தனியாகக் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுகிறவளாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். என் தோழி அனுசுயா பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அனுசுயா கைலாசபுரத்தில் இருக்கிறாள். கணவர் சித்தார்த்தனுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தாள், நான் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் டீச்சர் என்பது பெயருக்குத்தான். எல்லார் கேள்வித்தாளையும் டைப் அடிப்பது, பிரிண்டரில் மாட்டிக்கொண்ட காகிதத்தைப் பிடுங்குவது, பிரின்ஸ்பால் மகளுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழும். படித்த படிப்பு மறந்துபோகும் என்று பயந்து வீட்டில் தனியாக உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதிப் பழகினாள்.

போன கோடை விடுமுறையில் ஸ்ரீரங்கத்தில் வீரமலை என்பவருடைய பாத்திரக் கடைக்கு ஒரு பில்லிங் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தாள். கடை முன்னால் ஒரு கம்ப்யூட்டர், பின் தெருவில் இருக்கும் குடோனில் ஒரு கம்ப்யூட்டர். முன்னால் பில் போட்டால் குடோன் இருப்பில் அது தானாகக் குறைய வேண்டும். குறைந்தது. தன் ப்ரோகிராமில் அடித்த பில்லை யாரோ ஒரு அம்மா மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, அனுசுயா கடை வாசலிலேயே அழுதுவிட்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூட வேலையை விட்டாள்.

பிரின்ஸ்பால் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. "எங்க போயிடப் போறாங்க, வந்துடுவாங்க" என்று என்னிடமே சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். சித்தார்த்தன் நல்ல மனிதர், ஆனால் "பாப்போம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

கார்த்திகையில் பிடித்தது சனி. சில சனிக்கிழமைகளில் காலையில் போட்ட முதல் சில பில்கள் மட்டும் குடோனுக்குப் போய்ச் சேரவில்லை. விற்றுப்போன அண்டா இருப்பில் அப்படியே நிற்கும். இருக்கிறது என்று நம்பி வீரமலை கல்யாண வீட்டாருக்கு வாக்குக் கொடுப்பார். குடோனைப் பார்த்துக்கொள்ளும் ராசாத்தி தேடிப் பார்த்துவிட்டு, "இல்லவே இல்லண்ணே" என்று போன் செய்வாள். வாடிக்கையாளர் முன்னால் அவர் முகம் கறுத்துப் போகும். உடனே அனுசுயாவுக்குப் போன் வரும். எல்லா சனிக்கிழமையும் இப்படி நடந்தாலாவது பரவாயில்லை. ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும், அடுத்த வாரம் கழுத்தறுக்கும். வீட்டில் ஓட்டிப் பார்த்தால் ஒரு பில்கூடத் தவறாது.

அதன் பிறகுதான் அவள் உதவி கேட்கக் கிளம்பினாள்.

முதலில் வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஒரு கேள்வி பதில் தளம். உலகத்தில் ப்ரோகிராம் எழுதுகிற எல்லாரும் அங்கேதான் கேட்பார்களாம். அவள் எழுதிய இங்கிலீஷை நான் திருத்திக் கொடுத்தேன். எந்தக் கம்ப்யூட்டர், எந்த வெர்ஷன், எந்த வரியில் சந்தேகம் என்று ஒன்று விடாமல் எழுதினோம். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கேள்வியை மூடிவிட்டார்கள். ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வியாம். அவர்கள் காட்டிய பழைய கேள்விக்கும் இவளுடையதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. கீழே ஒருவன் "முதலில் அடிப்படையைப் படி" என்று உபதேசம் செய்திருந்தான். எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

அடுத்து கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்றான் ஒருவன். "இந்தக் காலத்துல யாரு இதுல எழுதுறா, புதுசா வேற லாங்குவேஜ்ல எழுதிடு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி எதையும் படிக்காமல் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னாள்.

செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்பீர்கள். அதுவும் பார்த்தாயிற்று. அது முதலில் "மிக நல்ல கேள்வி" என்று தலையில் ஐஸ் வைக்கும். பிறகு ஒரு திருத்தம் கொடுக்கும். போட்டால் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும். சொன்னால், "நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும்" என்று இன்னொன்றைக் கொடுக்கும். திட்டினாலும் கோபப்படாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? அனுசுயா ஒருநாள் லேப்டாப்பை மூடிவிட்டு, "ஃபெமினா, இது எங்க மாமியார் மாதிரி. எல்லாத்துக்கும் சரி சரிங்குது, ஒண்ணும் நடக்கல" என்றாள் என்னிடம்.

கடைசியில் ஆள் பிடித்தோம். அருள்ராஜ் என் ஒன்றுவிட்ட தம்பி, பெரிய கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்கு வந்தான், இடியாப்பம் சாப்பிட்டான், அவன் கம்பெனியில் எப்படி எல்லாம் வேலை செய்வார்கள் என்று விளக்கினான். ப்ரோகிராமைத் தன் லேப்டாப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தான்.

"எனக்கு ஓடுதேக்கா" என்றான்.

"எனக்கும்தான் ஓடுது. கடையிலதான் ஓட மாட்டேங்குது" என்றாள் அனுசுயா.

"அப்ப கடையில ஏதாச்சும் தப்பா அமுக்குறாங்களா இருக்கும். பில் நேரமெல்லாம் கரெக்டாதானே விழுது?"

விழுந்தது. எட்டே முக்கால், எட்டு ஐம்பது, எட்டு ஐம்பத்தைந்து என்று வரிசையாக விழுந்திருந்தது. "பாவம், கூட்டம்னா சீக்கிரமே தொறந்துடுறார்" என்று அனுசுயா அவருக்காகப் பரிதாபப்பட்டாள். நானும் தலையாட்டினேன்.

மார்கழி முடியப் போகிறது. தை பிறந்தால் முகூர்த்தம், சீர்ப் பாத்திரம் வாங்கக் கூட்டம் அள்ளும். வீரமலை போன் செய்து, "இந்தச் சனிக்கிழமையும் உதைச்சுதுன்னா வேற வழியில்லம்மா. மெட்ராஸ் கம்பெனிக்காரங்கள வரச் சொல்லிடுவேன்" என்றார். அன்று மாலையே பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஃப்ரெண்டு திரும்பி வர்றாங்களா இல்லையான்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். அரையாண்டு மார்க் எல்லாம் ஏத்தாம கிடக்கு" என்றார். இரண்டையும் ஒரே நாளில் கேட்டுக்கொண்ட அனுசுயா, "சனிக்கிழமை கடையில போய் உக்காரப் போறேன். நீயும் வாடி" என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவள் குரல் அது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை பூட்டியிருந்தது. எட்டே முக்காலுக்குப் பூட்டியிருந்தது. அனுசுயா பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஒன்பது தாண்டித்தான் வீரமலை வந்தார். "அடடே, வாங்க வாங்க. காபி சொல்லவா?" என்று ஷட்டரைத் தூக்கினார். சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தினார், கம்ப்யூட்டரைப் போட்டார். ப்ரோகிராம் திறந்தது. அனுசுயா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வளைகாப்புக்குப் பாத்திரம் வாங்க இரண்டு பெண்கள் முதல் போணிக்கு வந்துவிட்டார்கள்.

"இதோ ஆச்சும்மா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வீரமலை திரையின் மூலையில் மணி காட்டும் இடத்தை அமுக்கினார். கடிகாரத்தை எட்டே முக்காலுக்குத் திருப்பினார். பல் தேய்ப்பது போல அத்தனை இயல்பாகச் செய்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, ராகுகாலம்."

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்க்கிற வழக்கம் இல்லை.

"சனிக்கிழமை ஒம்பதுலேர்ந்து பத்தரைங்க" என்று எனக்கு விளக்கினார் வீரமலை. "வந்த கஸ்டமர திருப்பி அனுப்ப முடியுமா? அதுக்காக போணி பில்லுல ராகுகால நேரம் விழலாமா? நாலஞ்சு பில்லு போனதும் மணிய பழையபடி வச்சிடுவேன். சீக்கிரம் வந்துட்டா இந்த வம்பே இல்ல."

"எப்பலேர்ந்து சார்?"

"மழைக்காலத்துலேர்ந்து. வியாபாரம் டல்லா இருந்துச்சு, மச்சினன்தான் இந்த வழியச் சொன்னான்."

அனுசுயா கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய தவலை மேல் உட்கார்ந்துவிட்டாள். கடை திறந்ததும் ப்ரோகிராம் மணியைக் குறித்துக்கொள்ளும். அந்த மணிக்குப் பிறகு விழும் பில்களை மட்டும்தான் குடோனுக்கு அனுப்பும். ஒன்பது ஐந்துக்குக் குறித்துக்கொண்ட ப்ரோகிராமுக்கு, எட்டே முக்கால் பில் பழைய பில். எதற்கு அனுப்ப வேண்டும் என்று அது பேசாமல் இருந்துவிட்டது.

"ஏன் சார் எங்கிட்ட சொல்லல?" என்று எழுந்து நின்றாள் அனுசுயா. "நான் எத்தன பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா? ஊர்ல இருக்கறவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்லிட்டான்!"

வீரமலை உண்மையிலேயே திகைத்துப் போனார். "ப்ரோகிராம்ல இருக்கற தப்பதாம்மா சொன்னேன். இதுல என்ன தப்பு இருக்கு சொல்றதுக்கு? ஏன், இத மாட்ட வந்த அன்னிக்கு நீங்களே ராகுகாலம் போகட்டும் சார்னு காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே?"

உட்கார்ந்திருந்தாள்தான். எனக்கு அது அன்றுவரை தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பாவம், உலகத்துக்கே வெர்ஷன் நம்பர் சொன்னவள். வீரமலை காலையில் என்ன செய்கிறார் என்று வீரமலையிடம் மட்டும் கேட்கவில்லை. கேள்வியை மூடிய வெள்ளைக்காரனுக்கும் ராகுகாலம் தெரியாது, இடியாப்பம் தின்ற என் தம்பிக்கும் தோன்றவில்லை.

"கடிகாரத்த தொடாதீங்க சார்" என்றாள்.

"அது முடியாதும்மா" என்றார் அவர், மரியாதையாக, முடிவாக.

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். மணியைப் பார்த்து அனுப்புவதை எடுத்துவிட்டு, பில் எண்ணைப் பார்த்து அனுப்பும்படி மாற்றினாள். பில்லில் மணி அச்சாகிற வரியை அழித்தாள். தேதி மட்டும் நின்றது. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வீரமலை புது பில்லைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மணியே இல்லன்னா ராகுகாலம் எங்கேர்ந்து விழும்!" என்று குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். ராசாத்தி குடோனிலிருந்து போன் செய்து எல்லாம் வந்துவிட்டது என்றாள். மெட்ராஸ்காரர்களை அவர் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை நான் பிரின்ஸ்பால் அறைக்குப் போய், "அனுசுயா வரமாட்டா சார்" என்றேன். "அப்ப மார்க்க யாரு ஏத்துறது?" என்று என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

அனுசுயா விடவில்லை. மூடிப் போட்ட தன் கேள்விக்குக் கீழேயே, ஒரு கருத்தாக, என்ன நடந்தது என்று எழுதினாள். ராகுகாலம் என்றால் என்னவென்று வெளிநாட்டுக்காரனுக்கு இங்கிலீஷில் எழுத நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மறுநாள் காலை அதையும் தூக்கிவிட்டார்கள். ப்ரோகிராமுக்குச் சம்பந்தமில்லாத விஷயமாம். அவள் கையிலிருந்த டம்ளரை நங்கென்று வைத்தாள். நான் அந்தத் தளத்தையே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தபோது, அந்தத் தளத்தில் அவள் கொடுத்திருந்த முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. தமிழில் இருந்தது. "மேடம், அவங்க அழிக்கறதுக்கு முன்னாடி நீங்க எழுதினத பாத்துட்டேன். நான் கும்பகோணம், பேரு பூவரசன். ஒரு ஜவுளிக்கடைக்கு ப்ரோகிராம் எழுதிக் குடுத்திருக்கேன். எனக்கும் வெள்ளிக்கிழமையானா பில் காணாம போகுது. எங்க கேட்டாலும் துரத்துறாங்க. வேலைய விட்டுடலாமான்னு இருக்கேன்." கீழே போன் நம்பர் இருந்தது.

அனுசுயா அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே போன் போட்டாள். அந்தப் பக்கம் அவர் எடுத்ததும் எந்தக் கம்ப்யூட்டர், எந்த வெர்ஷன் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க" என்று அனுசுயா நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை உங்க முதலாளி கடைய எத்தன மணிக்குத் தொறப்பாரு? அத மொதல்ல சொல்லுங்க."