அஞ்சலை கட்டிய சுவர்

அஞ்சலையின் வலது கையை நசுக்கியது நான்தான். அவள் கட்டிய சுவர் தானாக விழவில்லை. நான் உதைத்துத் தள்ளினேன். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் தேடக் கூடாது. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. முட்டுக்காட்டில் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். நான் மேஸ்திரி. எங்கள் தொழிலில் பெண் என்றால் சித்தாள்தான். கல் சுமப்பாள், மணல் சலிப்பாள், கலவை தூக்குவாள். இருபது வருஷம் தூக்கினாலும் சுவர் கட்டும் கரண்டியைத் தொடவிட மாட்டோம். எனக்கே கரண்டி கைக்கு வர எட்டு வருஷம் ஆனது. கற்றுக்கொடுத்தவர் கரண்டிக் காம்பால் என் முட்டியை உடைத்து உடைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்.

அஞ்சலை என்னிடம் ஆறு வருஷம் கலவை தூக்கியவள். செங்கல்பட்டில் பெண்களுக்கு அரசாங்கமே கொத்தனார் பயிற்சி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். மூன்றே மாதம். சான்றிதழும் சொந்தக் கரண்டியுமாக வந்து நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, எனக்கும் ஒரு செவுரு குடு."

எஞ்சினீயர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். "கொத்தனாரம்மா வருது, வழிவுடுங்கடா" என்று ஆட்கள் கேலி செய்தார்கள்.

"நாளைக்கு உம் பொண்டாட்டியும் வருவா. நீ வூட்ல குந்திகினு சோறாக்கு" என்றாள் அவள்.

அதுவரை பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். "மேஸ்திரி, பிளான்ல சன்னலு கெயக்கால கீது. நீ மேக்கால வுட்டுகினு கீற."

எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது... அத்தனை வருஷமும் எஞ்சினீயர் வாயால் சொல்வதை மனசில் பிடித்துவைத்தே ஓட்டியவன் நான். எஞ்சினீயர் வந்து பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. "நீங்களும் அந்தப் பயிற்சிக்கு ஒருதரம் போய்ட்டு வாங்களேன் மேஸ்திரி" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பாவம் பார்த்தாள். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அன்று சாயங்காலம் ஆட்கள் கை கால் கழுவப் போயிருந்தார்கள். அவள் சுவர் நெஞ்சு உயரத்துக்கு, கலவை இறுகாமல் பச்சையாக நின்றது. சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தேன். ஒரு நூல் பிசகாவது இருக்காதா? நாலு இடத்தில் பார்த்தேன். இல்லை.

பிசகு இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போயிருப்பேன். இல்லாததுதான் என் காலைத் தூக்கவைத்தது.

மறுபக்கம் அவள் குந்திக்கொண்டு அடி வரிசையின் இடுக்குகளில் கலவை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது... கேட்டுக்கொண்டேதான் உதைத்தேன். ஒருதரம் அல்ல, இரண்டுதரம். இரண்டாவது உதைக்குச் சுவர் மொத்தமாகச் சாய்ந்தது. அவள் அலறினாள். கல்லை விலக்கியபோது கை கையாக இல்லை. கலவையோடு ரத்தம் குழைந்து கிடந்தது.

ஓடிவந்தவர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "மட்டம் இல்லாம கட்டிருக்கா. பொம்பள கட்டுன செவுரு, பின்ன எப்டி நிக்கும்?"

எல்லோரும் நம்பினார்கள். எஞ்சினீயரும் நம்பினார். அவளோடு பயிற்சி முடித்த மற்ற மூன்று பெண்கள் மறு வாரம் வேலை கேட்டு வந்தார்கள். மூவருக்கும் கலவைச் சட்டியைத்தான் கொடுத்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஏன் போனேன்? நான் உதைத்ததை அவள் பார்த்தாளா என்று தெரிந்துகொள்ளத்தான். வேறு எந்த நல்ல எண்ணமும் இல்லை.

அவள் பார்க்கவில்லை.

"நெசமாவே சாஞ்சிகினு இருந்திச்சா மேஸ்திரி? குண்டு வுட்டுப் பாத்துதான் கட்னேன்..."

"சாஞ்சிதான் இருந்திச்சி."

"எங்கியோ தப்பு வுட்டுட்டேன் போலகீது" என்று அழுதாள். கையை இழந்ததற்கு அவள் அழவில்லை. தன் வேலை தப்பாகிவிட்டதே என்று அழுதாள்.

எட்டு வருஷம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் மகள், பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்புக்கான விண்ணப்பத்தோடு.

"நீயே சொல்லு மேஸ்திரி. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நம்மளுக்கு அந்தக் கண்ணு கெடையாதுன்னு சொல்லு."

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அம்மா கட்டுன செவுரு ஏன் வுயுந்துச்சி மாமா?"

வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனிவரை வந்தது... என்னை யார் தடுத்தார்கள்? யாரும் இல்லை.

"மட்டம் சரியில்லம்மா. உங்கம்மா சொல்றதக் கேளு."

அவள் விண்ணப்பத்தை நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் இப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைக்கிறாள். நானும் வைக்கிறேன்.