கடைசி ஆள் மூட வேண்டும்

கெப்ஹார்ட் பாறையில் ஓர் அடையாளத்தைத் தீட்டி முடித்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு முப்பது தப்படி மேலே நடப்பார். பிறகு திரும்பி, அந்தப் பாதைக்கு முதல்முறை வருகிறவரைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கியபடி இறங்கி வருவார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று அவர் போட்ட மூன்று கோடும் தானாகக் கண்ணில் படவில்லையென்றால் சுரண்டிவிட்டு வேறு பாறையில் மறுபடி தீட்டுவார். வெர்லன் ஏரிக்கரை விடுதியின் சமையலறை ஜன்னலிலிருந்து பதினான்கு கோடைகள் இதைப் பார்த்திருக்கிறேன்.

"களைச்சுப் போனவன் கண்ணு தரையிலதான் இருக்கும், சென்ஸி," என்று ஒருமுறை சொன்னார். "நிமிர்ந்து நடக்கிறவனுக்கு நான் எதுக்கு?"

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் நானும் அவரை நீ என்றுதான் பேசுவேன். மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே எங்களில் யாரும் யாரையும் நீங்கள் என்பதில்லை.

அவர் ஒரு பண்ணை வீட்டின் மூன்றாவது மகன். நிலம் மூத்தவனுக்குப் போயிற்று, மாடுகள் அடுத்தவனுக்கு. இவர் மரம் வெட்டப் போனார். உருண்டு வந்த ஒரு கட்டை இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஊராட்சியில் இரக்கப்பட்டு ஏரியைச் சுற்றியுள்ள நடைபாதைகளை அவரிடம் கொடுத்தார்கள். விந்தி நடக்கிறவனுக்கு நடக்கிற வேலையா என்று ஊரே சிரித்தது. முப்பத்தோரு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். பனி உருகியதும் விழுந்த மரங்களை அறுப்பார், படிக்கற்களை இறுக்குவார், மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிடுவார். கட்டிய மனைவி மூன்று குளிர்காலம் பொறுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வீட்டில் இல்லாத மனிதனோடு என்ன பேசுவது என்று பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போய்விட்டாள். பாதைகளைத் தவிர அவருக்கு வேறொன்றும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டில், ஒரு பெருமழையில் கிழக்குப் பாதை உடைந்தது. விடுதியிலிருந்து அரைமணி நேர நடையில் ஓர் ஓடை இறங்குகிற இடம் அப்படியே சரிந்து ஏரிக்குள் போய்விட்டது. கெப்ஹார்ட் அன்றே பாதையின் தொடக்கத்தில், எங்கள் முற்றத்துக்குக் கீழே, இரண்டு லார்ச் மரத்தடிகளைக் குறுக்கே வைத்து மூடினார். மேல் தடியில், பாதை மூடியிருக்கிறது என்று எழுதிய பலகையைத் தொங்கவிட்டார். சரிவின் விளிம்பிலும் கம்பு நட்டுப் பார்த்தார். மாலையில் நட்ட கம்பு காலையில் ஏரியில் மிதந்தது. மண் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே அந்த இரண்டு தடிகள் மட்டும்தான்.

செப்டம்பர் நடுவில் மேய்ச்சல் முடிந்து மாடுகள் மலையிலிருந்து இறங்கும். அவை இறங்கும் தடம் விடுதிக்கும் அந்த ஓடைக்கும் நடுவில் கிழக்குப் பாதையில் வந்து சேரும். வழியில் என்ன தடுப்பு இருந்தாலும் முன்னால் வருகிறவன் எடுத்துவிடுவான், கடைசியில் வருகிறவன் திரும்ப வைப்பான். கடைசி ஆளாக வருவது பெருமை. முற்றத்தில் முதல் கிளாஸ் பழச்சாராயம் அவனுக்குத்தான். அவன் வைத்தானா இல்லையா என்று பின்னால் போய்ப் பார்ப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். யாரும் பார்ப்பதில்லை.

அந்த வருடம் கடைசி ஆள் ரோமான். எங்கள் விடுதிக்காரி ஒட்டிலியின் ஒரே மகன், இருபத்தாறு வயது. மாடுகள் தலையில் பூமாலையோடும் கழுத்தில் பெரிய மணிகளோடும் முற்றத்தைக் கடந்தன. அக்கார்டியன் வாசித்தார்கள், விருந்தினர் கைதட்டினார்கள். ரோமான் தடிகளின் அருகில் நின்றான். குனிந்து ஒன்றைப் பிடித்தான். அப்போது முற்றத்திலிருந்து ஒரு பெண் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தடியைப் புல்லிலேயே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தான். பலகை குப்புறக் கிடந்தது. நான் ஜன்னலில் நின்றிருந்தேன்.

"கடைசி மாடும் வந்துருச்சுடா!" என்று மேய்ப்பர்கள் கத்தினார்கள்.

"கடைசி மாட்டுக்குத்தான் முதல் கிளாஸ். பொறாமைப்படாதீங்க!" என்றான் ரோமான்.

கெப்ஹார்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவனுக்காகத் தன் கிளாஸை உயர்த்தினார்.

குடித்துவிட்டுப் போய் வைப்பான் என்று நினைத்தேன். அடுப்பில் மாவு உருண்டைகள் கொதித்துப் பொங்கின. அறுபது தட்டு போயாக வேண்டும். பிறகு ஒருமுறை சொல்வதற்காகக் கதவு வரை வந்தேன். அத்தனை பேர் நடுவில் போய் அவனிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை மூடுபனி. வடக்கேயிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கணவனும் மனைவியும் ஏரியைச் சுற்றிவரக் கிழக்குப் பாதையில் கிளம்பினார்கள். அவர்களுடைய பிளாஸ்கில் நான்தான் தேநீர் ஊற்றினேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள். கெப்ஹார்டின் கோடுகள் அந்தப் பனியிலும் நன்றாகத் தெரிந்தன என்று கணவன் பிறகு போலீசிடம் சொன்னான். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தெரிந்ததாம். அவற்றை நம்பித்தான் நடந்தார்களாம். அவள் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஹெலிகாப்டர் மதியத்தில் அவளை ஏரியிலிருந்து எடுத்தது.

போலீசிடம் ரோமான், தான் தடிகளைத் தூக்கி வைத்ததாகச் சொன்னான். கட்டு சரியில்லை, காற்றில் விழுந்திருக்கும் என்றான். மேய்ப்பர்கள் அவனுக்கு முன்னால் போனவர்கள், அவர்கள் பார்க்கவில்லை. முற்றத்தில் எல்லாரும் அக்கார்டியன் பக்கம் திரும்பியிருந்தார்கள். சமையலறையில் இருந்தவளை யாரும் கேட்கவில்லை.

பாதைக்குப் பொறுப்பானவர் என்று கெப்ஹார்ட் மேல் வழக்குப் போட்டார்கள். விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு அவர் பின்கதவு வழியாக வந்தார்.

"சென்ஸி, அன்னைக்கு நீ ஜன்னல்ல நின்ன."

"எப்பவும் நிக்கிறதுதானே."

"அவன் தடியை வெச்சானா?"

பக்கத்து அறையில் ஒட்டிலி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

"உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். கவனிக்கல," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ கவனிக்காதது இந்த மலையில ஒண்ணுமில்லையே," என்றார். தட்டுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

"சரி. சூப் இருக்கா?"

கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

விசாரணை கீழே நகரத்தில் நடந்தது. அப்போது நவம்பர். விடுதி மூடியிருந்ததால் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே அவரை நீங்கள் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் யாரோ பின்னால் நிற்பதுபோல் தயங்கித்தான் பதில் சொன்னார்.

"மாடுகள் போன பிறகு நீங்கள் போய்ப் பார்க்கவில்லையா?" என்று நீதிபதி கேட்டார்.

"கடைசி ஆள் மூடிடுவான்."

"அப்படி எங்கே எழுதியிருக்கிறது?"

"எங்கயும் எழுதல. எழுதணும்னு யாருக்கும் தோணல."

"முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூட நீங்கள் சரிபார்த்ததில்லையா?"

"பார்த்திருந்தா என்னோட யாரும் பேசியிருக்க மாட்டாங்க."

மேய்ப்பர்கள் எட்டுப் பேரும் பக்கத்து பெஞ்சில் தொப்பிகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்வது எப்படிப்பட்ட உண்மை என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி அறையைப் பார்த்துக் கேட்டார். நான் கைப்பையின் கொக்கியைத் திறந்தேன், மூடினேன்.

கெப்ஹார்டின் கவனக்குறைவால் மரணம் என்று தீர்ப்பாயிற்று. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. உள்ளே போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் ஊராட்சியிலிருந்து ஆள் வந்து கருவிக் கொட்டகையின் சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

ஊரில் ஒரு பேச்சு தயாராக இருந்தது. ரொட்டிக்கடையில் என் காதுபடவே நடந்தது.

"பாவம், வயசாயிடுச்சு. கண்ணு மங்கிப் போச்சு."

"எப்பவோ நிறுத்தியிருக்கணும். இரக்கப்பட்டு வெச்சிருந்தாங்க."

"பொண்டாட்டியவே பார்த்துக்கத் தெரியல, பாதையவா பார்த்துக்கப் போறான்?"

இதைச் சொன்னவன் எட்டு மேய்ப்பர்களில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் அரைக்கிலோ கம்பு ரொட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒட்டிலி எனக்கு ஒரு கம்பளிச் சட்டை தந்தாள். அதற்கு முன் பதின்மூன்று வருடமும் ஒரு ஜாடி தேன்தான். இந்த முறை ஏன் சட்டை என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அளவு சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பூசைக்குப் போனேன். கெப்ஹார்ட் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. பள்ளத்தாக்கில் தபால் பேருந்து நிற்கும் கொட்டகைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார். ஆறு வருடமாக ஏரிக்கு வரவில்லை. பாதைகளை வெளியூர் நிறுவனம் ஒன்று பார்த்துக்கொள்கிறது. கிழக்குப் பாதைக்குப் பூட்டுப் போட்ட இரும்புக் கதவு வந்துவிட்டது. சாவி ரோமானிடம் இருக்கிறது, விடுதியும் அவனுடையதுதான். நான் அதே சமையலறையில் வேலை செய்கிறேன். அன்று நான் பார்த்ததை எந்த அதிகாரியிடமும் இதுவரை சொல்லவில்லை.