எந்தப் பாடம் கண்ணு?

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுப்பதில் நான் கெட்டிக்காரன். எந்தக் கணக்கானாலும் முதல் வரியில் 'கொடுக்கப்பட்டது', இரண்டாம் வரியில் 'கண்டுபிடிக்க வேண்டியது' என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் அரை மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் என்னைப் போன்ற ஆட்களுக்கு நல்ல கிராக்கி. தேர்வில் வரக்கூடிய கணக்குகளை நாங்களே பொறுக்கிக் கொடுத்துவிடுவோம். பிள்ளைகள் போட்டுப் போட்டுக் கை பழகினால் போதும்.

ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லி, "ஆளுக்கொரு கணக்கு நீங்களே உண்டாக்குங்க" என்றேன். புத்தகக் கணக்கையே எண்ணை மட்டும் மாற்றி எழுதி அத்தனை பேரும் நீட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பு முடியும்வரை கத்தினேன். யார்மேல் கோபப்பட வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

என் மனைவி தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் இருந்த மகள் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஸ்கூலுக்குப் போகப் புடிக்கலீங்கப்பா."

"எந்தப் பாடம் கண்ணு கஷ்டமா இருக்குது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"பிசிக்ஸுங்கப்பா" என்றாள்.

மறுநாளே காந்திபுரத்தில் டியூஷன் சேர்த்துவிட்டேன். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். நானும் பிரச்சினையைத் தீர்த்துவிட்ட பெருமையில் திரிந்தேன். அவள் அன்று சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியது எது என்பதை அவளைச் சொல்லவிடாமல் நானே எழுதிவிட்டேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவள் புனேயில் வேலையில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்று இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். சாப்பாடு ஆயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். போன வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"ஊடு வெறிச்சுன்னு இருக்குது கண்ணு."

"டிவி பழசாயிருச்சுங்களா? புதுசு அனுப்பட்டுங்களா? எத்தனை இஞ்ச் வேணுமுங்கப்பா?"

பாசமாகத்தான் கேட்டாள்.

"டிவி வேண்டாம் சாமி. நீ செத்த நேரம் பேசு."



"என்னங்கப்பா பேசறது?" என்றாள். அதில் கேலி இல்லை, சலிப்பும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.