ஒரு கட்டம் தள்ளி விழுந்த விரல்

போன வருஷம் ஆவணியில், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆபீஸ் நண்பர் மகளின் ரிசப்ஷன். மேடையேறி வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் நானும் மனைவியும் போயிருந்தோம்.

கீபோர்டும் டிரம்ஸும் வந்த வேன் மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம். மேடையில் ஒரு பாடகரும், கிடாரோடு ஒரு பெண்ணும் மட்டும். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த ஒரு கிடாரிலேயே மொத்தக் கச்சேரியையும் தாங்கினார். கட்டைவிரல் கீழ்ச்சுருதியில் பாஸ் வாசிக்க, மற்ற விரல்கள் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டி கார்டு போட்டன. எல்லாம் தெரிந்த பாட்டுதான். ஆனால் பாட்டுக்கு அடியில் நான் கேட்டே இராத கார்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. காலேஜ் நாட்களில் கற்ற நாலு கார்டை வைத்தே காலத்தை ஓட்டியவன் நான். வாயைப் பிளந்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

“பந்தி முடியப்போகுது, வரீங்களா இல்லையா?” என்றாள் மனைவி. போகவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நேராக அந்தக் கிடார் பெண்ணிடம் போனேன்.

“அது ஜாஸ் கார்டு சார். ஆசையா இருந்தா சண்டே கோவிலம்பாக்கம் வாங்க, வீட்லதான் கிளாஸ் எடுக்கறேன்” என்றார்.

ஐம்பத்து மூன்று வயதில் மாணவனானேன். முதல் வகுப்பில் ஆறு கம்பியையும் அடித்து நொறுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாடறவங்க பாவம் சார், அவங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க” என்றார். அடுத்து வந்த வாரங்களில் அதிகம் வாசிக்காமல் இருக்கத்தான் கற்றேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பொங்கலுக்கு அவர் அபார்ட்மென்ட்டில் விழா. “நான் மெலடி வாசிக்கறேன், நீங்க கார்டு போடுங்க சார்” என்று என்னையும் மேடையேற்றிவிட்டார். பல்லவி நல்லபடியாகப் போனது. சரணத்தில் பதற்றத்தில் என் விரல்கள் கிடார் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளி விழுந்தன. சம்பந்தமே இல்லாத ஒரு கார்டு ஸ்பீக்கரில் ‘ணங்’கென்று அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கிடாரை வைத்துவிட்டு இறங்கிவிடலாமா என்றிருந்தது.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வாசித்துக்கொண்டிருந்த மெலடியை அப்படியே ஒரு கட்டம் ஏற்றி, என் தப்பான கார்டுக்குப் பொருத்தமாக வாசித்தார். பிறகு மெல்ல இறங்கி, என்னையும் சரியான இடத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். கேட்டவர்கள் முன்பே திட்டமிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அடுத்த சரணத்தில் அதே இடம் வந்தபோது, போடுங்க என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். இந்த முறை தெரிந்தே போட்டேன். கைதட்டல் இன்னும் பலமாக வந்தது.

கீழே இறங்கியதும், “மன்னிச்சிடுங்க மேடம்” என்றேன்.

“எதுக்கு சார்? நல்லா இருந்துதே. அது எப்படிப் பிடிச்சீங்கன்னு எனக்கும் காட்டுங்க” என்றார். பதற்றத்தில் ஒரு கட்டம் தள்ளிப் பிடித்ததுதான் என்றதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போதெல்லாம் ஆபீஸிலோ வீட்டிலோ யாராவது தடுமாறினால், திருத்த வாய் திறப்பதற்கு முன்னால், அவர்கள் நிற்கிற இடத்துக்கு நானும் போய், கூடவே நடந்து கூட்டிவர முடியுமா என்றுதான் பார்க்கிறேன்.