இருபத்தேழு ‘கீது’

1975 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது. கடற்காற்று இன்னும் ஏறாததால், ஓட்டுக் கூரையின் கீழ் நாற்பத்து நான்கு பேரின் வியர்வையும் ஏழுமலையின் சட்டையிலிருந்து வந்த கருவாட்டு வாசனையும் அசையாமல் நின்றன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரப் பள்ளி, ஏழாம் வகுப்பு. பதினோரு மாதங்களாக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வாசனை ஒருநாளும் உறுத்தியதில்லை.

அப்பாவின் அரசு வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவர்கள் நாங்கள். மீனவர் குப்பத்துப் பையனான ஏழுமலைதான் எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தான். கூடவே ‘வூடு’, ‘நாஸ்தா’, ‘பேஜாரு’ எல்லாவற்றையும். ஒருநாள் வீட்டில் வாய்தவறி, “சோறு எங்க கீது?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அப்பா இரண்டு அறை கொடுத்து, “காட்டுமிராண்டி மாதிரி பேசப்பிடாது, கேட்டியால” என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தில், அது ஏழுமலையின் வாயில் எத்தனை முறை வருகிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போடத் தொடங்கினேன்.

அந்தத் திங்கட்கிழமை சமூகவியல் ஆசிரியர் பழைய நாகரிகங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரேக்கர்களின் காதில் பிறருடைய பேச்சு ‘பர் பர்’ என்று விழுந்ததாம். அதையே அவர்களுக்குப் பெயராக வைத்தார்களாம். வடக்கே, பேச்சு விளங்காதவர்களை ‘மிலேச்சர்’ என்றார்களாம். சீனர்கள் நாலு திசைக்கும் நாலு பெயர் வைத்திருந்தார்களாம். கப்பலில் வந்த யவனரின் பேச்சைக் கடுமையானது என்று நம் முன்னோரும் சொன்னார்களாம். “அப்போ நம்ம கிளாஸ்ல மிலேச்சன் யாரு?” என்று கேட்டார். யாருமில்லை என்ற பதிலைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் எழுந்தேன்.

“ஏழுமலை சார். இன்னிக்கு மட்டும் இருபத்தேழு தடவ ‘கீது’ சொல்லிட்டான்.”

நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ‘கீது’ சொல்கிறவர்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டார். ஏழுமலை குரலை உயர்த்தாமல் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: “நீ வந்த புதுசுல நீ பேசனது ஒண்ணுமே பிரில எனுக்கு. யார் கைலனா சொல்லிகினு திரிஞ்சனா?”

மறுநாளே ‘மிலேச்சு’ அவன் பெயராயிற்று. ஒன்பது நாள் வந்தான். வாசிக்கச் சொன்னாலும் வாய் திறக்காமல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தாம் நாள் தன் அப்பாவோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போய்விட்டான். மன்னிப்புக் கேட்க மூன்று முறை குப்பம் வரை நடந்தேன். மூன்று முறையும் கரையில் கிடந்த முதல் கட்டுமரத்தைத் தாண்டவில்லை.

ஐம்பது வருடம் கழித்து, போன மாதம் போனேன். தாண்டுவதற்குக் கட்டுமரம் ஒன்றுகூட இல்லை. வரிசையாகப் பதினான்கு பைபர் படகுகள். ஒன்றின் நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஏழுமலை, என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றான்.

“வாருங்கள், உட்காருங்கள். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறார்களா?” என்றான், ஒவ்வொரு எழுத்தாக, பாடம் ஒப்பிப்பதுபோல்.

நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் மறந்துவிட்டது என்றான், அதையும் அதே தமிழில். நடுவே மகனிடமிருந்து போன் வந்தது. “இன்னாடா, எங்க கீற? வல இங்கதான் கீது” என்று சிரித்தான். என் பக்கம் திரும்பியதும் மறுபடி, “சொல்லுங்கள்.”

அரை மணி நேரம் இருந்தேன். எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணிவிட்டேன். என்னோடு பேசியதில் ‘கீது’: பூஜ்யம்.